பிரஷரை ஏற்றும் ஹார்மோன்களும் உடம்பின் நீர்க்கணக்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரத்த அழுத்தத்தைக் கூட்டும் ஹார்மோன்கள் உடம்பில் உள்ள நீரை என்ன செய்கின்றன? உடலியங்கியல் படிப்பவர்களும், ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு குழம்பி நிற்பவர்களும் ஒரே மாதிரி தடுமாறும் இடம் இது. அழுத்தத்தை ஏற்றுகிற ஹார்மோன்கள் எல்லாம் நீரையும் ஒரே திசையில்தான் தள்ளும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. ஒன்று ரத்தக்குழாயிலிருந்து நீரை வெளியேற்றுகிறது, இன்னொன்று செல்களுக்கு வெளியே சேர்க்கிறது, மூன்றாவது பெரும்பகுதியைச் செல்களுக்குள் அனுப்புகிறது. இந்த வேறுபாடு புரிந்தால் பல நோய்களின் நடத்தை தானாகவே விளங்கும்.

உடம்பில் மொத்தம் எவ்வளவு நீர், எங்கெங்கே இருக்கிறது?

70 கிலோ எடையுள்ள ஓர் ஆணுக்குச் சுமார் 42 லிட்டர், அதாவது எடையில் 60 சதவீதம். பெண்களிடம் கொழுப்பின் பங்கு கொஞ்சம் கூடுதல் என்பதால் சராசரியாக 50 சதவீதம். 42 லிட்டரில் 28 லிட்டர் செல்களுக்குள் இருக்கிறது. மீதி 14 லிட்டர் வெளியே. அந்த வெளிநீரில் பெரும்பகுதி, ஏறக்குறைய 11 லிட்டர், திசுக்களின் இடைவெளிகளில் இருக்கிறது. பிளாஸ்மாவாக, அதாவது ரத்தத்தின் திரவப்பகுதியாக, ரத்தக்குழாய்களுக்குள் ஓடுவது சுமார் 3 லிட்டர்தான். சிவப்பணுக்களையும் சேர்த்தால் 5 லிட்டர் ரத்தம்.

இதில் இரண்டு எல்லைகள் முக்கியம். முதலாவது, தந்துகி எனப்படும் மிக நுண்ணிய ரத்தக்குழாயின் சுவர். நீரும் உப்பும் அதைத் தாராளமாகக் கடக்கும், புரதம் அவ்வளவாகக் கடக்காது. இரண்டாவது, செல்லின் சவ்வு. நீர் கடக்கும், உள்ளே நுழையும் சோடியத்தை அங்குள்ள பம்ப் திரும்ப வெளியே தள்ளிவிடும். கீழே சொல்லப்போகும் எல்லாமே இந்த இரண்டு எல்லைகளில்தான் நடக்கிறது.

அழுத்தத்தைக் கூட்டும் ஹார்மோன்கள் எவை?

முக்கியமானவை நான்கு. அட்ரீனல் சுரப்பியின் உட்பகுதியும் அவசர நேரத்தில் உடம்பை உசுப்பும் சிம்பதெட்டிக் நரம்புகளின் முனைகளும் விடுகிற நார்அட்ரினலின். சிறுநீரகம் சுரக்கும் ரெனின் வழியாக உருவாகும் ஆஞ்சியோடென்சின் 2. அட்ரீனல் சுரப்பியின் வெளிப்பகுதியிலிருந்து வரும் ஆல்டோஸ்டிரோன். மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியின் பின்மடல் விடும் வாசோபிரெசின். கடைசியைச் சிறுநீர் குறைக்கும் ஹார்மோன், ஏ.டி.எச். என்றும் சொல்வார்கள். கார்டிசோலும் எண்டோதீலினும் இந்த வரிசையில் சேரும், ஆனால் நீர்க்கணக்கைப் புரிந்துகொள்ள இந்த நான்கு போதும்.

அழுத்தம் கூடினால் ரத்தத்தின் அளவும் கூடியிருக்கும் என்றுதானே அர்த்தம்?

இல்லை. அழுத்தம் என்பது இதயம் தள்ளும் ரத்தத்தின் அளவும் குழாய்கள் தரும் தடையும் சேர்ந்து உருவாக்குவது. ரத்தம் கூடினாலும் ஏறும், ரத்தம் குறைந்து குழாய்கள் இறுகினாலும் ஏறும். 180/110 என்ற எண்ணை மட்டும் பார்த்து அந்த ஆளின் உடம்பில் நீர் அதிகமா குறைவா என்று யாராலும் சொல்ல முடியாது.

நார்அட்ரினலின் ஏறினால் பிளாஸ்மா குறைகிறது என்கிறார்களே, எப்படி?

தந்துகிக்குள் நடக்கும் இழுபறியை 1896இல் எர்னஸ்ட் ஸ்டார்லிங் விளக்கினார். உள்ளே இருக்கும் அழுத்தம் நீரை வெளியே தள்ளுகிறது. பிளாஸ்மாப் புரதங்கள், முக்கியமாக அல்புமின், நீரை உள்ளே பிடித்து வைக்கின்றன. தமனிப் பக்கம் அழுத்தம் சுமார் 35 மி.மீ. பாதரசம், சிரைப் பக்கம் சுமார் 15. புரதங்களின் இழுவிசை 25 முதல் 28 வரை. ஆக, கசிவு பொதுவாக மிகக் குறைவு. கசிந்ததை நிணநீர்க் குழாய்கள் ரத்தத்துக்குத் திருப்பிக் கொடுத்துவிடும்.

நார்அட்ரினலின் நுண்தமனிகளையும் இறுக்கும், நுண்சிரைகளையும் இறுக்கும். முன்பக்கம் மட்டும் இறுகினால் தந்துகியின் அழுத்தம் குறையும். பின்பக்கமும் நன்றாக இறுகி, தமனி அழுத்தமும் எகிறி நிற்கும்போது தந்துகிக்குள் அழுத்தம் ஏறுகிறது, புரதமற்ற நீர் திசுவுக்குள் வெளியேறுகிறது. மனிதர்களுக்கு நார்அட்ரினலினைச் சொட்டாக ஏற்றிப் பார்த்த ஆய்வுகளில் பிளாஸ்மா குறைவதும், ஹீமட்டோகிரிட்டும் (ரத்தத்தில் சிவப்பணுக்கள் பிடிக்கும் சதவீதம்) புரதச் செறிவும் ஏறுவதும் தெரிந்தது. போதாததற்கு, உயர்ந்த அழுத்தம் சிறுநீரகத்தின் வழியாகவும் உப்பையும் நீரையும் வெளியே அனுப்பப் பார்க்கும்.

கணக்காகவே பார்த்துவிடலாம். ரத்தம் 5 லிட்டர், ஹீமட்டோகிரிட் 45 என்றால் சிவப்பணுக்கள் 2.25 லிட்டர், பிளாஸ்மா 2.75 லிட்டர். பிளாஸ்மாவிலிருந்து 400 மில்லி வெளியேறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சிவப்பணுக்கள் அதே 2.25 லிட்டர்தான், மொத்த ரத்தம் 4.6 லிட்டர். ஹீமட்டோகிரிட் கிட்டத்தட்ட 49. புரதம் ஒன்றும் கசியவில்லை என்றால், டெசிலிட்டருக்கு 7 கிராமாக இருந்தது 8.2 ஆகும். ஒரு சிவப்பணுகூடப் புதிதாகப் பிறக்கவில்லை. ஆனால் ரிப்போர்ட்டில் ரத்தம் கெட்டியாகிவிட்டது.

ரத்தம் கொட்டும்போதும் நார்அட்ரினலின் சுரக்கிறதே, அப்போதும் பிளாஸ்மா வெளியேறுமா?

அருமையான கேள்வி, மாணவர்கள் இதைக் கேட்டால் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும். அப்போது நடப்பது நேர் எதிர். ரத்தப்போக்கில் தமனி அழுத்தமும் சிரை அழுத்தமும் விழுந்துவிடுகின்றன, நுண்தமனிகள் மேலும் இறுகுகின்றன. தந்துகியின் அழுத்தம் குறைவதால் திசுநீர் ரத்தக்குழாய்க்குள் இழுக்கப்படுகிறது. அடிபட்ட சில மணி நேரத்தில் ஹீமட்டோகிரிட் குறைவது இதனால்தான். ஹார்மோன் அதேதான், அது வேலை செய்யும் சூழல் வேறு.

பியோகுரோமோசைட்டோமா அறுவைக்கு முன் ஏன் நாள்கணக்கில் மாத்திரை கொடுத்துக் காத்திருக்கிறார்கள்?

இது அட்ரீனல் சுரப்பியின் உட்பகுதியில் வரும் கட்டி. நார்அட்ரினலினையும் அட்ரினலினையும் அளவில்லாமல் கொட்டும். தலைவலி, வியர்வை, படபடப்பு, எகிறும் பிரஷர் என்று நோயாளி வருவார். மாதக்கணக்கில் குழாய்கள் இறுகிக் கிடந்ததால் பலரிடம் பிளாஸ்மா சுருங்கியிருக்கும். படுத்திருக்கும்போது 200 காட்டும் பிரஷர், எழுந்து நின்றால் தடாலென்று இறங்குவதும் இவர்களிடம் உண்டு. அந்த முரண்பாட்டைக் கண்டால் நோயறிந்த மருத்துவர் உஷாராகிவிடுவார்.

இந்தக் கட்டியை வெற்றிகரமாக அகற்றிய முதல் அறுவைகள் 1926இல் நடந்தன: லோசானில் சேசர் ரூ, அமெரிக்காவின் ராச்செஸ்டரில் சார்லஸ் மேயோ. அதற்குப் பிறகும் நெடுங்காலம் இது ஆபத்தான அறுவையாகவே இருந்தது. கட்டியைத் தொட்டால் அழுத்தம் வானத்துக்குப் போகும். கட்டியின் சிரையைக் கட்டிய மறுநிமிடம் ஹார்மோன் நின்றுவிடும், இறுகிய குழாய்கள் தளரும், அவற்றை நிரப்பப் போதுமான ரத்தம் உள்ளே இருக்காது. அழுத்தம் பாதாளத்துக்கு விழும்.

ஆகவே அறுவைக்கு முன் 7 முதல் 14 நாள் வரை ஃபீனாக்ஸிபென்சமின் போன்ற ஆல்ஃபா தடுப்பான், அதாவது நார்அட்ரினலின் குழாய்களை இறுக்குவதைத் தடுக்கும் மருந்து, கொடுக்கிறார்கள். கூடவே உப்பையும் நீரையும் தாராளமாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். பிரஷர் நோயாளியிடம் உப்பை அதிகம் சேர்க்கச் சொல்வது கேட்பவருக்கு அதிர்ச்சியாக இருக்கும், ஆனால் சுருங்கிய பிளாஸ்மா மீள அதுதான் வழி. குழாய்கள் மெல்லத் தளரத் தளர நீர் உள்ளே திரும்புகிறது. எடை கொஞ்சம் ஏறுகிறது, ஹீமட்டோகிரிட் இறங்குகிறது. இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா தடுப்பான் தேவைப்பட்டால் ஆல்ஃபா தடுப்பானுக்குப் பிறகுதான். வரிசை மாறினால் குழாய்கள் இன்னும் இறுகும்.

நீண்ட நேரம் சொட்டாக ஏற்றிய நார்அட்ரினலினைத் திடீரென்று நிறுத்தினாலும் இதே சரிவு வரலாம். தீவிர சிகிச்சைப் பிரிவில் அதைப் படிப்படியாகக் குறைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்படியானால் ரத்த அழுத்தம் சரிந்து ஷாக்கில் இருப்பவருக்கு நார்அட்ரினலின் ஏன் கொடுக்கிறார்கள்?

ரத்தத்தில் 60 முதல் 70 சதவீதம் சிரைகளில்தான் இருக்கிறது. கடும் தொற்றில் குழாய்கள் தளர்ந்து ரத்தம் அங்கேயே தேங்கிவிடும். நார்அட்ரினலின் சிரைகளை இறுக்கி அந்த ரத்தத்தை இதயத்துக்குத் திருப்புகிறது. மொத்த அளவு ஒரு சொட்டும் கூடுவதில்லை, பயன்படும் அளவு கூடுகிறது. உண்மையிலேயே குறைந்திருக்கும் நீரை இது ஈடுகட்டாது. அதற்குச் சலைன் போன்ற திரவத்தைத் தனியாகக் கொடுத்தாக வேண்டும்.

ஆஞ்சியோடென்சின் எந்தப் பக்கம்? நீரைக் கூட்டுமா, குறைக்குமா?

உடனடியாக ஒன்று, நாள்போக்கில் வேறொன்று.

1898இல் ஸ்டாக்ஹோமில் ராபர்ட் டிகர்ஸ்டெட்டும் பெர் பெர்க்மனும் முயலின் சிறுநீரகச் சாற்றிலிருந்து அழுத்தம் ஏற்றும் பொருளைக் கண்டார்கள். அதுதான் ரெனின். சிறுநீரகத்துக்கு வரும் ரத்தத்தின் அழுத்தம் குறைந்தாலோ, சிறுநீரக நுண்குழல்களில் உப்பு குறைந்தாலோ, சிம்பதெட்டிக் நரம்பு தூண்டினாலோ ரெனின் வெளிவரும். கல்லீரல் தரும் ஒரு புரதத்தை அது வெட்டி ஆஞ்சியோடென்சின் 1 ஆக்குகிறது. முக்கியமாக நுரையீரலின் ரத்தக்குழாய்களில் இருக்கும் ஏ.சி.இ. என்ற நொதி அதை ஆஞ்சியோடென்சின் 2 ஆக மாற்றுகிறது.

அது குழாய்களைச் சில விநாடிகளிலேயே இறுக்கும். அதிக அளவில் சட்டென்று ஏற்றினால், நார்அட்ரினலினைப் போலவே பிளாஸ்மா சற்றுக் குறையலாம். உயர்ந்த அழுத்தத்தால் சிலருக்குச் சிறுநீரில் சோடியம் அதிகமாகப் போவதும் உண்டு. ஆனால் குறைந்த அளவில், நாள்கணக்கில் இருக்கும்போதுதான் அதன் அசல் வேலை தெரியும். சிறுநீரகக் குழல்களை நேரடியாகச் சோடியத்தைப் பிடிக்க வைக்கிறது, ஆல்டோஸ்டிரோனைச் சுரக்க வைக்கிறது, தாகத்தைத் தூண்டுகிறது. மொத்தத்தில் உப்பும் நீரும் உடம்பில் தங்குகின்றன.

ஆல்டோஸ்டிரோன் அதிகமானால் உடம்பு ஊதிக்கொண்டே போகாதா?

போகாது. இந்தப் பாடம் முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

ஆல்டோஸ்டிரோன் செல்லின் மரபணுக்கள் வழியாக வேலை செய்வதால் பலன் தெரிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பிறகு சோடியம் பிடிபடுகிறது, பொட்டாசியம் சிறுநீரில் போகிறது. பிடிபட்ட சோடியம் நீரையும் தன்னோடு நிறுத்திக்கொள்கிறது. வெளிநீரில் ஒரு லிட்டருக்குச் சுமார் 140 மில்லிமோல் சோடியம். உப்பாகச் சொன்னால் 8 கிராமுக்குச் சற்று மேல். 300 மில்லிமோல் சோடியம் தங்கினால் 2 லிட்டருக்கு மேல் நீர் தங்கியாக வேண்டும்.

ஆரோக்கியமானவர்களுக்கு ஆல்டோஸ்டிரோன் போன்ற மருந்தைத் தொடர்ந்து கொடுத்தால், முதல் சில நாள் எடை ஏறும். 2, 3 கிலோ ஏறியதும் நின்றுவிடும்! மருந்து தொடர்கிறது, ஆனால் சிறுநீரகம் மறுபடி சாப்பிட்ட அளவு சோடியத்தை வெளியேற்றத் தொடங்கிவிடுகிறது. ஆல்டோஸ்டிரோன் பிடியிலிருந்து தப்பித்தல் என்று இதைச் சொல்வார்கள். வெளிநீர் விரிந்ததும் இதயத்தின் மேலறைகள் இழுபட்டு ஏ.என்.பி. என்ற ஹார்மோனை விடுகின்றன; உயர்ந்த அழுத்தமே சிறுநீரகத்திலிருந்து உப்பைத் தள்ளுகிறது; உப்பைத் திரும்ப எடுக்கும் மற்ற வழிகளும் அடங்குகின்றன. பொட்டாசியத்துக்கு மட்டும் இந்தத் தப்பிப்பு இல்லை, அது போய்க்கொண்டே இருக்கும்.

1955இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜெரோம் கான் விவரித்த நோயில் இதை அப்படியே பார்க்கலாம். அட்ரீனலில் ஒரு சிறு கட்டி ஆல்டோஸ்டிரோனைச் சுரந்துகொண்டே இருக்கிறது. பிரஷர் அதிகம், பலருக்குப் பொட்டாசியம் குறைவு, ரெனின் அடங்கிக் கிடக்கிறது, ஆனால் காலில் வீக்கம் பொதுவாக இருக்காது. காலை அழுத்தினால் குழி விழ, திசுநீர் 2, 3 லிட்டராவது கூடியிருக்க வேண்டும்; தப்பிப்பு அதற்கு முன்பே வந்துவிடுகிறது.

இதயச் செயலிழப்பில் மட்டும் ஏன் கால் வீங்குகிறது?

அங்கே தப்பிப்பு நடப்பதில்லை. இதயம் போதுமான அளவு ரத்தத்தைத் தள்ளாததால், தமனிகளில் ரத்தம் குறைவு என்றே சிறுநீரகம் உணர்கிறது. உடம்பில் 5 லிட்டர் கூடுதலாக நின்றாலும் ரெனின், நார்அட்ரினலின், வாசோபிரெசின் மூன்றும் விடாமல் சுரக்கின்றன. ஸ்பைரோனோலாக்டோன் போன்ற ஆல்டோஸ்டிரோன் தடுப்பான்கள் அந்த இடத்தில் உதவுகின்றன.

வாசோபிரெசின் பிரஷர் ஹார்மோனா, தண்ணீர் ஹார்மோனா?

பிரஷர் குணத்தைத்தான் முதலில் கண்டார்கள். 1895இல் ஆலிவரும் ஷேஃபரும் பிட்யூட்டரிச் சாறு அழுத்தத்தை ஏற்றுவதைக் காட்டினார்கள். அது சிறுநீரைக் குறைக்கும் என்பது 1913இல்தான் தெரிந்தது. ஆனால் ஆரோக்கியமான மனிதரின் அன்றாட வாழ்வில் அது தண்ணீர் ஹார்மோன்தான். பிளாஸ்மாவில் கரைந்திருக்கும் பொருள்களின் செறிவு கிலோவுக்கு 285 முதல் 295 மில்லியாஸ்மோல் என்ற குறுகிய எல்லைக்குள் நிற்கிறது. அது 1, 2 சதவீதம் ஏறினாலே வாசோபிரெசின் கூடும். சிறுநீரகத்தின் சேகரிப்புக் குழல்களில் அக்வாபோரின் என்ற நீர்வாயில்கள் சவ்வுக்கு வந்து சேரும், நீர் உடம்புக்குத் திரும்பும். இந்த நீர்வாயில்களைக் கண்டறிந்ததற்காக பீட்டர் ஆக்ரேவுக்கு 2003இல் வேதியியல் நோபல் கிடைத்தது.

குழாய்களை இறுக்க இதைவிடப் பல மடங்கு செறிவு வேண்டும். ரத்தத்தின் அளவு 10 சதவீதம் அளவுக்குக் குறைந்தால் அந்தச் செறிவை நோக்கி வாசோபிரெசின் வேகமாக ஏறும். அப்புறம் இன்னொரு விஷயம்: அழுத்தம் ஏறியதும் உடம்பின் அனிச்சைச் செயல் இதயத் துடிப்பைக் குறைத்து ஈடுகட்டிவிடும். அந்த அனிச்சை பழுதான நரம்பு நோயாளிகளிடம் சிறிதளவு வாசோபிரெசினே பிரஷரை ஏற்றிவிடுகிறது.

தங்கிய தண்ணீர் பிரஷரை ஏற்றாதா?

பெரிதாக ஏற்றாது. ஒரு லிட்டர் வெறும் நீர் தங்கினால் அது எல்லா எல்லைகளையும் கடந்து பரவும். மூன்றில் இரண்டு பங்கு, 670 மில்லி அளவுக்கு, செல்களுக்குள் போய்விடும். பிளாஸ்மாவில் நிற்பது 70, 80 மில்லிதான். அதுவே ஒரு லிட்டர் நார்மல் சலைன் என்றால் முழுவதும் செல்களுக்கு வெளியேதான் நிற்கும், சுமார் கால் பங்கு பிளாஸ்மாவில் இருக்கும்.

1957இல் ஷ்வார்ட்ஸ், பார்ட்டர் முதலானோர் நுரையீரல் புற்றுநோயாளிகள் இருவரிடம் இப்படி வெறும் நீர் தங்குவதைக் கவனித்து எழுதினார்கள். தேவையில்லாத நேரத்திலும் வாசோபிரெசின் சுரந்துகொண்டே இருந்தால் ரத்தத்தில் சோடியம் விழுகிறது. வீக்கமும் இல்லை, பிரஷரும் பெரிதாக ஏறுவதில்லை. 42 லிட்டர் உள்ள உடம்பில் 3 லிட்டர் நீர் கூடுதலாகத் தங்கினால், 140 ஆக இருந்த சோடியம் 131க்கு இறங்கும். காலில் ஒன்றும் தெரியாது. மூளையின் செல்கள்தான் வீங்கும்: தலைவலி, குமட்டல், குழப்பம், முற்றினால் வலிப்பு. நாள்பட்டுக் குறைந்த சோடியத்தை அவசரமாக ஏற்றுவதும் மூளையைக் கெடுக்கும். 24 மணி நேரத்தில் லிட்டருக்கு 8 முதல் 10 மில்லிமோலுக்கு மேல் ஏற்றாமல் பார்த்துக்கொள்வார்கள்.

கார்டிசோலும் அதிமதுரமும் இந்தக் கதையில் எங்கே வருகின்றன?

கார்டிசோலுக்கு ஆல்டோஸ்டிரோனின் ஏற்பியில் போய் ஒட்டும் திறன் உண்டு. சிறுநீரகத்தில் ஒரு நொதி கார்டிசோலைச் செயலற்றதாக்கி அதைத் தடுக்கிறது. அதிமதுரத்தில் உள்ள கிளிசிரைசின் அந்த நொதியை முடக்கிவிடும். அதிமதுரத்தை வாரக்கணக்கில் நிறையச் சாப்பிட்டால் ஆல்டோஸ்டிரோன் குறைவாக இருந்தும் உப்பு தங்கும், பிரஷர் ஏறும், பொட்டாசியம் விழும். மூலிகைதானே என்று அலட்சியமாக இருந்துவிடாதீர்கள்.

இந்த அளவுகளை எப்படி அளக்கிறார்கள்?

கரைத்துப் பார்க்கும் முறைதான். தெரிந்த அளவு ஒரு பொருளை ரத்தத்தில் செலுத்தி, அது கலந்த பிறகு எவ்வளவு நீர்த்திருக்கிறது என்று பார்ப்பார்கள். பிளாஸ்மாவுக்கு அல்புமினோடு ஒட்டிக்கொள்ளும் ஈவான்ஸ் நீலச் சாயம் அல்லது கதிரியக்க அயோடின் ஏற்றிய அல்புமின். வெளிநீருக்கு இன்யூலின் அல்லது புரோமைடு. மொத்த நீருக்கு டியூட்டீரியம் கலந்த கனநீர். திசுநீரையும் செல்நீரையும் நேராக அளக்க வழியில்லை, கழித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆகவே மற்ற அளவுகளின் பிழையெல்லாம் அவற்றில் வந்து சேரும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. எழுந்து நின்ற அரை மணி நேரத்துக்குள்ளேயே பிளாஸ்மா 10 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிடும், கால்களில் நீர் கசிவதால். அசையாமல் படுக்கவைத்து அளக்காத ஆய்வில் ஹார்மோனின் விளைவையும் நின்றதன் விளைவையும் பிரிக்கவே முடியாது. தந்துகி கசியும் நோயில் அல்புமினும் சேர்ந்து வெளியேறுவதால், பிளாஸ்மா உள்ளதைவிட அதிகமாகத் தெரியும்.

சாதாரண உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு நீர் அதிகமா?

பெரும்பாலும் இல்லை. குறிப்பிட்ட காரணம் தெரியாத உயர் அழுத்தத்தில் பிளாஸ்மா சராசரியாக இயல்பாகவோ சற்றுக் குறைவாகவோதான் இருக்கும். ஆல்டோஸ்டிரோன் கட்டி உள்ளவர்களிடம் சற்று அதிகமாக இருக்கலாம், பியோகுரோமோசைட்டோமாவில் குறைவாக இருக்கலாம். ஆனால் நீர் இயல்பாக இருப்பதாலேயே சிறுநீரகத்துக்குப் பங்கில்லை என்று ஆகாது. ஒரு நாளைக்கு 180 லிட்டரை வடிகட்டி ஒன்றரை லிட்டரை மட்டும் வெளியே விடும் உறுப்பு அது. அழுத்தம் ஏறினால் அது கூடுதல் உப்பை வெளியேற்றி அழுத்தத்தை இறக்கியிருக்க வேண்டும். உயர்ந்த அழுத்தத்தில்தான் தன் உப்புக்கணக்கைச் சரிசெய்கிறது என்றால் அந்த நிலைக்கு அது பழகிவிட்டது என்று பொருள்.

என் பிரஷருக்கு நீர் போக்கும் மாத்திரை ஏன், பக்கத்து வீட்டுக்காரருக்கு வேறு மாத்திரை ஏன்?

பின்னால் நிற்கும் ஹார்மோன் ஆளுக்கு ஆள் வேறுபடலாம். ரெனின் அடங்கி உப்பு தங்கும் வகையில் நீர் போக்கும் மருந்தும் ஆல்டோஸ்டிரோன் தடுப்பானும் நன்றாக வேலை செய்யும். ரெனின் ஓங்கியிருந்தால் ஆஞ்சியோடென்சினைத் தடுக்கும் மருந்துகள் கைகொடுக்கும். சுருங்கிய பிளாஸ்மாவோடு இருக்கும் பியோகுரோமோசைட்டோமா நோயாளிக்கு நீர் போக்கும் மாத்திரை கொடுத்தால் நிலைமை மோசமாகும். மூன்று மருந்து சேர்ந்தும் அழுத்தம் அடங்கவில்லை, அல்லது காரணமில்லாமல் பொட்டாசியம் குறைகிறது என்றால், ஆல்டோஸ்டிரோனையும் ரெனினையும் ஒருமுறை அளந்து பார்க்கலாமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். சில பிரஷர் மாத்திரைகள் அந்தச் சோதனையின் முடிவை மாற்றிவிடும். எதை நிறுத்துவது, எத்தனை நாள் நிறுத்துவது என்பதை அவரே சொல்லட்டும்.